கைப்பேசிக்கும் தீட்டா?

ஆணும் பெண்ணும் ஜாதி, மத வித்தியாசம் பாராமல் தங்கள் துணையைத் தாங்களே தெரிந்தெடுத்துக் கொள்ளும் உரிமை வேண்டும் என்று 1929-ஆம் வருஷம் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு தீர்மானித்தபோது, வைதீகர்கள் உலகமே தலைகீழாகிவிட்டதாகக் கூச்சலிட்டார்கள். உலகம் தலைகீழாகவில்லை. 1967-இல் அண்ணா ஆட்சியில் சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டமே வந்தது. புரோகிதனும் மந்திரமும் இல்லாமல், மாலையோ மோதிரமோ மாற்றிக் கொண்டாலே கலியாணம் செல்லும் என்றாயிற்று. 2023 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டும், அதற்கு ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக நடத்த வேண்டிய கட்டாயம்கூட இல்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது.

ஆக, கலியாணம் செய்து கொள்வதற்குப் புரோகிதன் வேண்டாம். ஆனால் கலியாணத்துக்கு முன்னால், யாரோடு பழகலாம், யாரோடு பேசிப் பார்க்கலாம் என்று வாலிபர்கள் தேடுகிற இடத்தில் ஒரு புதுப் புரோகிதன் வந்து குந்தியிருக்கிறான். இவன் கையில் தர்ப்பை இல்லை, முத்திரை இருக்கிறது. "உன் கைப்பேசியில் என் முத்திரை உண்டா? இல்லையென்றால் உள்ளே வராதே" என்கிறான். இவனைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம்.

சங்கதி என்ன?

இன்று வாலிபர்களில் பலர் துணை தேடுவது கைப்பேசியில் உள்ள டேட்டிங் செயலிகளில். கிரைண்டர் 2009-இலும், டிண்டர் 2012-இலும், பம்பிள் 2014-இலும் வந்தவை. இவற்றை நடத்துகிறவர்கள் நம் இயக்கத்தார் அல்ல. லாபத்துக்குக் கடை வைத்திருக்கும் முதலாளிகள். ராசி போட்டுக் கொள்ளும் பைத்தியம்கூட இவற்றில் சிலவற்றில் உண்டு. ஆனாலும், ஜாதிக்கு ஒரு பக்கம், உட்பிரிவுக்கு ஒரு பக்கம் என்று பங்கு பிரித்து வைத்திருக்கும் கலியாணத் தரகுத் தளங்களைவிட இவை எவ்வளவோ மேல். உள்ளே நுழைவதற்குக் கோத்திரம் என்ன, குலம் என்ன என்று கேட்பதில்லை. வாணியம்பாடிப் பையனும் ஆம்பூர்ப் பெண்ணும் பெயரையும் முகத்தையும் பேச்சையும் மட்டும் வைத்து ஒருவரையொருவர் அறிந்து கொள்ள இடம் கிடைக்கிறது. நம் ஊரில் அது சாமானியமான காரியம் அல்ல.

ஆனால் இந்தச் செயலிகள் சும்மா வருவதில்லை. போன் நம்பர் கொடு, இருக்கும் இடம் சொல், படம் கொடு என்கின்றன. அவற்றுக்குக் கீழே, ஆண்ட்ராய்டு போன்களில் கூகுளின் சேவைகள் மற்றச் செயலிகளுக்கு இல்லாத விசேஷ அதிகாரத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. இதைப் பார்த்து யோசித்தவர்கள் சிலர், தங்கள் போனில் இருந்த இயங்குதளத்தை எடுத்துவிட்டு, வேவுக்கு இடம் கொடாத இயங்குதளத்தைப் போட்டுக் கொள்கிறார்கள். அவற்றுள் பேர் பெற்றது கிராஃபீன் ஓஎஸ். 2014-இல் ஆரம்பித்த முயற்சி. 2019 முதல் இந்தப் பெயரில் நடக்கிறது. வேடிக்கை என்னவென்றால், கூகுளே செய்து விற்கும் பிக்சல் போன்களுக்கென்றே இது வளர்க்கப்பட்டது. இதன் மூல நிரல் முழுவதும் யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கும்படி வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. கேட்டவன் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றுகிற வேதம் அல்ல இது.

இதில் கூகுளின் சேவைகளை வைத்துக் கொள்ளவும் தடையில்லை. ஆனால் அவை வீட்டு எஜமானாக இருக்க முடியாது; மற்றக் குடித்தனக்காரர்களைப் போல, கொடுத்த அறைக்குள் அடங்கி இருக்க வேண்டும். நியாயம்தானே?

இப்படிப் பூட்டுப் போட்ட போனில் டேட்டிங் செயலியைத் திறந்தால், சில செயலிகள் ஒழுங்காக நடக்கின்றன, சில மறுக்கின்றன. மறுக்கிற செயலி என்ன செய்கிறது? பிளே இன்டெக்ரிட்டி என்ற ஏற்பாட்டின் வழியாகக் கூகுளிடம், "இந்தப் போன் உம்முடைய முத்திரை பெற்றதுதானா?" என்று கேட்கிறது. கூகுள் தன் ஜாபிதாவைப் பார்த்து, "இல்லை" என்கிறது. கதவு சாத்தப்படுகிறது. இந்தப் போனில் ஓட்டை உண்டா, திருட்டு நிரல் உண்டா என்ற விசாரணையே அங்கு முடிவு செய்வதில்லை. அதே சமயத்தில், வருஷக் கணக்காகப் பாதுகாப்புத் திருத்தம் ஒன்றுகூட வாங்காமல், ஓட்டை ஓட்டையாய்க் கிடக்கிற பழைய போன், பிறக்கும்போது குத்திய முத்திரை மாத்திரம் இருந்தால், இந்தச் சோதனையின் நடுத்தரப் படியைத் தாராளமாகக் கடந்துவிடும். 2025 மே மாதத்தில் கூகுள் மேற்படியை மாத்திரம் கொஞ்சம் இறுக்கியது. நடுப்படிக்குத் திருத்தம் வாங்கிய தேதியைப் பற்றிக் கவலை இல்லை.

தோழர்களே! இதற்கு நம் நாட்டில் என்ன பெயர்? குளித்துச் சுத்தமாக வருகிறவனை "தீட்டு" என்று நிறுத்தி, அழுக்கு வேட்டிக்காரனைப் பிறப்பைப் பார்த்து உள்ளே விடுவதற்கு என்ன பெயரோ, அதுதான் இதற்கும் பெயர். வைக்கத்தில் 1924-இல் கோவிலைச் சுற்றிய தெருவில் நாய் போகலாம், பன்றி போகலாம், ஈழவன் போகக் கூடாது என்றானே, அவனும் "இது பந்தோபஸ்துக்காக" என்றுதான் சொன்னான். அவன் பந்தோபஸ்து கோவிலின் பரிசுத்தத்துக்கு, இவன் பந்தோபஸ்து செயலியின் பரிசுத்தத்துக்கு!

தோல்காரனுக்குத் தெரிந்த நியாயம்

சரக்கின் யோக்கியதையை எப்படிச் சோதிப்பது என்று நம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் ஷாப்புத் தொழிலாளியைக் கேளுங்கள். பதனிட்ட தோல் ஐரோப்பாவுக்குப் போக வேண்டுமானால், அது யார் பதனிட்ட தோல், அவன் என்ன ஜாதி, எந்தப் பெரிய மனிதன் சிபார்சுக் கடிதம் கொடுத்தான் என்று பார்ப்பதில்லை. தடிப்பை அளக்கிறார்கள். இழுத்துப் பார்க்கிறார்கள். மடக்கிப் பார்க்கிறார்கள். 2015 மே 1 முதல், உடம்பில் படுகிற தோல் சாமானில் ஆறாம் நிலைக் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராம் அளவை எட்டக் கூடாது என்று ஐரோப்பிய யூனியன் சட்டம் வைத்ததே, அதையும் தோலைச் சோதித்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள். தோலைத் தொட்டவன் தீட்டு என்று சொன்ன நாட்டிலிருந்து போகும் செருப்புக்கு வெள்ளைக்காரன் வைக்கிற பரீட்சையில் ஜாதி இல்லை. சரக்கு மட்டும் இருக்கிறது.

கைப்பேசியையும் அப்படிச் சோதிக்க வழி இல்லாமல் இல்லை. போனின் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சில்லே, "இன்ன இயங்குதளம், இன்ன சாவியால் கையொப்பமிடப்பட்டது, யாரும் கை வைத்துக் கெடுக்கவில்லை" என்று சாட்சி சொல்லும் ஏற்பாடு ஆண்ட்ராய்டிலேயே இருக்கிறது. அதைக் கேட்டுப் பார்த்தால் கிராஃபீன் போன் அசல்தானா என்று உடனே தெரியும். எப்படிக் கேட்பது என்பதையும் அந்த இயங்குதளத்தார் எழுதி வெளியிட்டிருக்கிறார்கள். சரக்கைச் சோதிக்க வழி இருக்க, "எஜமான் முத்திரை எங்கே?" என்று மாத்திரம் கேட்பது சோம்பேறித்தனம்; அல்லது அடிமைத்தனம்.

இன்னொன்றும் சொல்கிறோம். 2019 பிப்ரவரியில் நம் திருப்பத்தூர் வழக்கறிஞர் ம.ஆ.சிநேகா, தாம் ஜாதியும் மதமும் அற்றவர் என்று தாசில்தாரிடம் சான்று வாங்கி நாடெங்கும் பேசப்பட்டார். ஜாதி முத்திரை இல்லாமல் ஒரு மனிதர் இருக்கலாம் என்று சர்க்காரே எழுதிக் கொடுத்த ஊர் இது. இந்த ஊரில் கூகுள் முத்திரை இல்லாமல் ஒரு போன் இருக்கக் கூடாதாம்!

இது வேலையற்றவன் விளையாட்டா?

"ஏதோ நாலு படித்த பையன்கள் போனை நோண்டுகிறார்கள், இதற்கு ஒரு கட்டுரையா?" என்று சிலர் கேட்கலாம். அவர்களுக்கு நம் ஜில்லாவிலிருந்தே பதில் சொல்கிறோம். மணமான ஒரு பெண் வீட்டை விட்டுப் போய்விட்டார் என்று விசாரிப்பதற்காகப் பள்ளிகொண்டா போலீசார் கொண்டுபோன ஆம்பூர் இளைஞர் ஒருவர் 2015 ஜூனில் ஆஸ்பத்திரியில் இறந்து போனார். ஜூன் 27-ஆம் தேதி ஆம்பூர் கலவரமாயிற்று, வாகனங்கள் எரிந்தன. அந்தப் பெண்ணோ பிறகு சென்னையில் உயிரோடு இருக்கக் காணப்பட்டார். ஒரு பெண் தன் இஷ்டப்படி ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குப் போனதற்கு இந்த நாட்டில் ஆன விலை இது.

2016 மார்ச் 13-இல் உடுமலைப்பேட்டையில் ஜாதி மாறிக் கலியாணம் செய்து கொண்ட சங்கர் பட்டப்பகலில் கடைத் தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜூலையில் திருநெல்வேலியில் ஜாதி மாறிப் பழகியதற்காக இன்னோர் இளைஞர் கொல்லப்பட்டார். இந்தக் கொலைகளுக்கு டேட்டிங் செயலி காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஜாதி காரணம். ஆனால் ஜாதிக்காரன் கொலைக்குக் கிளம்புமுன் முதலில் தேடுவது என்ன? யார் யாரோடு பேசுகிறார்கள், எங்கே சந்திக்கிறார்கள் என்ற தகவல். அந்தத் தகவலைத் தருகிற சாதனம் இன்று ஒவ்வொரு பெண்ணின் கைப்பையிலும் இருக்கிறது. ஷூ கம்பெனிப் பஸ்ஸில் போகிற பெண்ணின் போனை அண்ணன் வாங்கிப் பார்க்கிறான். மாமன் வாங்கிப் பார்க்கிறான். கோவில் நாட்டாண்மையும், ஜமாஅத்தும், சபையும் மற்றதில் எல்லாம் சண்டை போட்டாலும், "பெண் யாரோடு பேசுகிறாள்?" என்று வேவு பார்ப்பதில் மாத்திரம் ஒரே மதம்!

வேவுக்கு விற்ற கதை

செயலிக்காரர்கள் நம்மைக் காப்பாற்றுவார்கள் என்று நம்பினால், நடந்ததைப் பாருங்கள். கிரைண்டர் செயலி, தன்னிடம் பதிந்தவர்களின் எச்.ஐ.வி. நிலையைக்கூட வேறு இரண்டு கம்பெனிகளுக்குப் போக விட்டது என்று 2018-இல் வெளியாயிற்று. இருக்கும் இடம் முதலிய தகவல்களை விளம்பரக்காரர்களுக்குக் கொடுத்ததற்காக 2021 டிசம்பரில் நார்வே நாட்டு அதிகாரிகள் அதே கம்பெனிக்கு 6 கோடியே 50 லட்சம் குரோனர் அபராதம் போட்டார்கள்.

மதக்காரர்கள் கதை இன்னும் ருசியானது. அமெரிக்காவில் ஒரு கத்தோலிக்கக் கூட்டம், டேட்டிங் செயலிகளிலிருந்து கசிந்து சந்தையில் விற்கப்பட்ட தகவலைக் குறைந்தது 40 லட்சம் டாலர் கொடுத்து வாங்கி, எந்தப் பாதிரி ஆண்களோடு பழகுகிறான் என்று வேவு பார்த்தது 2023 மார்ச்சில் அம்பலமாயிற்று. சகலமும் அறிந்த சாமி மேலே இருக்கும்போது தன் பாதிரியைப் பற்றி அறிந்து கொள்ள 40 லட்சம் டாலர் எதற்கு? சாமிக்குத் தெரியாதது செல்போன் தரகனுக்குத் தெரிந்திருக்கிறது என்பதை மதக்காரனே ஒப்புக் கொண்டானா இல்லையா?

விற்காமலே காட்டிக் கொடுப்பதும் உண்டு. "இவர் உங்களுக்கு இத்தனை தூரத்தில் இருக்கிறார்" என்று செயலி சொல்கிறதே, அதை வைத்தே ஆளைப் பிடித்துவிடலாம். ஆம்பூரில் ஒரு இடத்திலிருந்து ஒரு தூரம், மாதனூரிலிருந்து ஒரு தூரம், வாணியம்பாடியிலிருந்து ஒரு தூரம் எடுத்து, மூன்று வட்டம் போட்டால் அவை வெட்டிக் கொள்கிற புள்ளியில் ஆள் நிற்பார். சர்வேயர் செய்கிற கணக்குத்தான். டிண்டரில் இந்த ஓட்டை இருந்ததைப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள் 2014-இல் வெளியிட்டார்கள், அது அடைக்கப்பட்டது. பத்து வருஷம் கழித்து 2024-இல் பெல்ஜியத்து லூவன் சர்வகலாசாலையார் ஆராய்ந்தபோது, பம்பிள், ஹிஞ்ச், கிரைண்டர் முதலிய பல செயலிகளில் அதே ஜாதி ஓட்டை வேறு வேஷத்தில் இருந்தது. சொன்ன பிறகுதான் அடைத்தார்கள். இப்படிப்பட்டவர்கள், பூட்டுப் போட்டுக் கொண்டு வருகிறவனைப் பார்த்து "நீ நம்பத் தகாதவன்" என்கிறார்கள்!

நடத்திக் காட்டுவது எப்படி?

வெறும் கண்டனத்தால் பயனில்லை. வழியும் சொல்ல வேண்டும். கிராஃபீன் போட்ட போன் உள்ளவர்கள் கவனிக்க வேண்டியவை இவை.

முதலாவது, டேட்டிங் செயலிக்கென்று தனியாக ஒரு பயனர் கணக்கை போனுக்குள்ளேயே உண்டாக்கிக் கொள்ளுங்கள். அது தனி வீடு மாதிரி. அடுத்த வீட்டில் உள்ள படமும் நம்பரும் இதற்குத் தெரியாது. வேலை முடிந்ததும் அந்தக் கணக்கை முடித்து மூடினால், அதன் சாவி நினைவகத்திலிருந்தே போய்விடும்.

இரண்டாவது, கூகுளின் பிளே சேவைகளையும் பிளே ஸ்டோரையும் அந்தத் தனிக் கணக்கில் மாத்திரம், சாதாரணச் செயலிகளாக நிறுவுங்கள். பல டேட்டிங் செயலிகள் இதோடு ஓட ஆரம்பித்துவிடும். திறந்தவுடன் செத்து விழுகிற செயலியானால், அந்தச் செயலியின் அமைப்பில் ஒத்துப்போகும் நிலை என்று ஒன்று உண்டு. அதை அந்த ஒன்றுக்கு மட்டும் போடுங்கள்.

மூன்றாவது, இடத்தைக் கேட்டால் உத்தேச இடம் மாத்திரம் கொடுங்கள். தொடர்பு எண்களைக் கேட்டால், "கொடுத்தேன்" என்று செயலி நினைக்கும்படி வைத்து, ஒன்றும் கொடாமல் இருக்க இதில் வசதி உண்டு. படங்களும் அப்படியே; நீங்கள் பொறுக்கிய இரண்டு படத்தைத் தவிர மற்றது அதன் கண்ணில் படாது.

நான்காவது, இவ்வளவுக்கும் பிறகு முத்திரை கேட்டு மறுக்கிற செயலியானால், அதன் வலைத்தளம் உலாவியில் திறக்கிறதா என்று பாருங்கள். திறக்காவிட்டால் அந்தக் கடையை விட்டு வேறு கடைக்குப் போங்கள். போகிற காரணத்தைக் கம்பெனிக்கு எழுதிவிட்டுப் போங்கள். கள்ள முத்திரை குத்துகிற குறுக்கு வழிகளைச் சிலர் சொல்வார்கள். வேண்டாம். அதற்காகப் போனின் காவலையே உடைக்க வேண்டியிருக்கும். அது கதவைப் பெயர்த்து விற்றுவிட்டு அந்தக் காசில் பூட்டு வாங்குவது போலாகும்.

பிக்சல் போன், ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிற பெண்ணின் சம்பளத்துக்கு எட்டாது என்பது நமக்குத் தெரியும். அவருக்கும் வழி உண்டு. சாதாரண ஆண்ட்ராய்டு போனிலேயே விளம்பர அடையாள எண்ணை அழித்துவிடலாம். ஆண்ட்ராய்டு 12 முதல் உத்தேச இடம் மட்டும் கொடுக்கலாம். 15-இல் தனிப்பூட்டோடு அந்தரங்க இடம் வைத்துக் கொள்ளும் வசதி வந்திருக்கிறது. காசு உள்ளவனுக்குத்தான் மானம் என்று நாம் ஒருபோதும் ஒப்புக் கொள்ள மாட்டோம்.

ஆனால் எந்த இயங்குதளமும் தாயத்து அல்ல. நீங்களே கொடுத்த படத்தையும் நம்பரையும் எந்தப் பூட்டும் காப்பாற்றாது. காதல் பேசி வரவழைத்துப் பணம் பறிக்கிற கூட்டம் எல்லா ஊரிலும் உண்டு. முதலில் ஜனநடமாட்டம் உள்ள இடத்தில் சந்தியுங்கள், நம்பிக்கையான தோழர் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆட்சேபணைகள்

"யோக்கியனுக்கு மறைவு எதற்கு?" என்பார்கள். கேட்கிறவன் தன் பெண்ணின் ஜாதகத்தைப் பஸ் நிலையச் சுவரில் ஒட்டுவானா? மானமாக வாழ அந்தரங்கம் வேண்டும் என்பதை 2017 ஆகஸ்ட் 24-இல் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகள் அடிப்படை உரிமை என்றே சொல்லிவிட்டார்கள். 2018 செப்டம்பர் 6-இல் அதே கோர்ட், வயது வந்த இருவர் மனமொத்துப் பழகுவது, அவர்கள் ஒரே பாலினத்தவரானாலும், குற்றமல்ல என்றது. குற்றமில்லாத காரியத்துக்கு ஊரெல்லாம் காவல் எதற்கு?

"முத்திரை இல்லாவிட்டால் மோசடிக்காரன் நுழைவான்" என்பார்கள். மோசடிக்காரன் கடையில் முத்திரையோடு போன் வாங்கத் தெரியாதவனா? பூணூல் போட்டவன் எல்லாம் திருடமாட்டான் என்பது எவ்வளவு உண்மையோ, அவ்வளவு உண்மை இதுவும்.

"பண்பாடு கெட்டுப் போகும்" என்பார்கள். எட்டு வயதுக் குழந்தைக்குத் தாலி கட்டியதும், கோவிலுக்குப் பெண்ணைப் பொட்டுக் கட்டி விட்டதும் இவர்கள் பண்பாடாகத்தான் இருந்தன. அவை ஒழிந்ததால் கெட்டுப் போனது யார்? காதல் தெய்வீகம் என்று நாமும் சொல்லவில்லை. அறிவுள்ள இருவர் பழகிப் பார்த்து, ஒத்துப் போனால் சேர்ந்து வாழ்வதும், ஒத்துப் போகாவிட்டால் மரியாதையாகப் பிரிவதும்தான் நாம் சொல்வது. பழகிப் பார்க்க இடமில்லாத ஊரில் அது எப்படி நடக்கும்?

சர்க்காரும் யோக்கியமில்லை

செயலிக்காரனை மட்டும் கண்டித்துவிட்டுச் சர்க்காரை விட்டுவிடுவது நியாயமாகாது. 1954-ஆம் வருஷத்து விசேஷத் திருமணச் சட்டப்படி, மதம் மாறாமலே மதம் மாறிய ஒருவரைக் கட்டிக் கொள்ள விரும்புகிறவர் முப்பது நாள் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அந்த நோட்டீஸ் ஆபீசில் எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டப்படும். வெட்ட வருகிறவனுக்கு விலாசம் எழுதிக் கொடுப்பது இதைவிட வேறு எது? இது போதாதென்று, 2025 நவம்பர் கடைசியில் மத்திய சர்க்கார், நாட்டில் விற்கிற ஒவ்வொரு போனிலும் சஞ்சார் சாத்தி என்ற தன் செயலியை வைத்தே விற்க வேண்டும் என்று உத்தரவு போட்டது. எதிர்ப்பு எழுந்தவுடன் டிசம்பர் 3-இல் கட்டாயத்தை வாபஸ் வாங்கியது. கேட்டால் கிடைக்கும், எதிர்த்தால் பின்வாங்குவார்கள் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. செயலிக் கம்பெனிகள் போனைச் சோதிக்க வேண்டுமானால் போனைச் சோதிக்கட்டும். எஜமான் முத்திரையைக் கேட்பதை நிறுத்தட்டும். மத்திய சர்க்கார் அந்த முப்பது நாள் நோட்டீசைக் கிழித்தெறியட்டும். ஆணவக் கொலைகளைத் தடுக்கச் சட்டம் வகுக்க 2025 அக்டோபரில் மாகாண சர்க்கார் அறிவித்த நீதிபதி பாஷா கமிஷனின் வேலை காகிதத்தோடு நிற்காமல், கொலைகாரன் பயப்படும் காரியமாக முடியட்டும்.

வாலிபத் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒளிந்து வாழ்வது நம் லட்சியம் அல்ல. ஆம்பூர்க் கடைத் தெருவில் எந்த ஜாதிப் பையனும் எந்த மதப் பெண்ணும் பட்டப்பகலில் ஒன்றாக உட்கார்ந்து டீ குடிப்பதும், அதைப் பார்த்து எவனும் கழுத்தைத் திருப்பாமல் தன் வேலையைப் பார்த்துக் கொண்டு போவதும்தான் நம் லட்சியம். அந்த நாள் வரும் வரையில் பூட்டு அவசியம். பூட்டுப் போடுங்கள், சாவியை ஜாதிக்காரனிடமும் கொடுக்காதீர்கள், கூகுளிடமும் கொடுக்காதீர்கள்.